மார்க்கில் வைத்த திருஷ்டிப் பொட்டு

பிள்ளைகள் கணக்கைத் தப்பாகப் போட்டால் எனக்குக் கோபம் வரும். இது என் வாசகர்களுக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வந்தது கோபம் இல்லை... சந்தேகம்!

எட்டாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட். சாம்பார் சாதத்தின் மயக்கத்தில் பாதி வகுப்பு கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது. கட்டம் போட்ட போர்டில் கோணல்மாணலாக ஒரு நாற்கரத்தை வரைந்து, அதன் பரப்பளவைக் கேட்டேன். குறுக்கே ஒரு மூலைவிட்டம், அதற்கு இரண்டு செங்குத்துக் கோடுகள், அப்புறம் சூத்திரம். புத்தகம் சொல்லும் வழி அதுதான். நானும் காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ் மாதிரி இத்தனை வருடமாக அதே ரூட்டில்தான் போய் வருகிறேன்.

வழக்கமாகக் கை தூக்குகிறவர்கள் தூக்கினார்கள். அவர்களை விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஹரிணியைக் கூப்பிட்டேன். பெயரை மாற்றியிருக்கிறேன். அதிகம் பேசாத பெண். மார்க் மோசமில்லை, ஆனால் முதல் ரேங்க் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

வந்தாள். மூலைவிட்டம் வரையவில்லை. நாற்கரத்தைச் சுற்றி ஒரு பெரிய செவ்வகம் வரைந்தாள். நாலு மூலையிலும் மிஞ்சிய முக்கோணங்களைத் தனித்தனியாகக் கணக்குப் போட்டாள். "பெருசுல இருந்து இந்த மூலையெல்லாம் போச்சுன்னா மிச்சம் இதுதான டீச்சர்?" என்றாள்.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. நான் சொல்லிக்கொடுக்காத வழி. ட்யூஷன் போகிற பிள்ளையும் இல்லை. யோசித்து, அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்!

மிச்சமிருந்தது ஒரே ஒரு கழித்தல். தொண்ணூற்றாறில் முப்பத்தெட்டு போனால் எத்தனை? மூன்றாம் வகுப்புக் கணக்கு. சாக்பீஸைத் தூக்கியவள் ஒரு கணம் நின்றாள். வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நிதானமாக 'ஐம்பத்தாறு' என்று எழுதினாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். தப்புப் போட்ட பிள்ளை இப்படியா சிரிக்கும்? ஒரு நிம்மதி தெரிந்தது அந்தச் சிரிப்பில்.

யோசித்துப் பார்த்தால்... பரீட்சைகளிலும் இவள் இப்படித்தான். மண்டையை உடைக்கும் கணக்கையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டு, ஒரு மார்க் கேள்விகளில் கோட்டை விடுவாள்.

சாயங்காலம் தனியாகப் பிடித்தேன்.

"ஏன்டா, தெரிஞ்சேதான தப்பா எழுதுன?"

"கவனிக்கல டீச்சர்."

"பொய் சொல்லாத."

தரையைப் பார்த்தாள். காலால் மண்ணைக் கீறினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "முழுசா எடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு டீச்சர். கண்ணு பட்டுருமாம்."

எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் திராட்சைக் கொடியில் காய் பிடித்ததும் தோட்டத்து முகப்பில் ஒரு பொம்மை தொங்கும். புது வீடு கட்டினால் பூசணிக்காயில் மூஞ்சி வரைந்து மாட்டுவார்கள். எல்லாம் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்கும் திருஷ்டி கழித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி, பத்து மார்க் போனால் போகிறது என்று விட்டுவிடலாமா? விட முடியாது. ஏனென்றால் அவளே இன்னொன்றும் சொன்னாள். "கணக்கு ஆரம்பிக்கும்போதே எதைத் தப்பு விடலாம்னு பாத்து வச்சுக்குவேன் டீச்சர்." அப்படியென்றால் பாதி மூளை கணக்குப் போடுகிறது. மீதி மூளை விழுவதற்குப் பள்ளம் தேடுகிறது. இன்னும் இரண்டு வருடம் இப்படியே போனால், பிறகு அவளே நினைத்தாலும் முழுசாக யோசிக்க வருமா?

இன்னொரு அவசரமும் இருந்தது. பெரியகுளம் பக்கம் ஒரு கல்லூரியில், கணக்கில் ஆர்வமுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறார்கள். கொஞ்சம் இடம்தான். அதற்கொரு தேர்வு உண்டு. அங்கே போய் இவள் ஐம்பத்தாறு என்று எழுதினால் கதை முடிந்தது.

இங்கே கொஞ்சம் எங்கள் ஜாதியைப் பற்றி, அதாவது ஆசிரியர் ஜாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு வைக்கிறோம். தனி கைடு கொடுக்கிறோம். ரொம்பச் சரி, வைக்கத்தான் வேண்டும். மீத்திறன் உள்ள பிள்ளைக்கு? "அதுக்கென்ன, தானாப் படிச்சுக்கும்!" என்போம். ஐந்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பரிசு என்ன? சாக்பீஸ் டப்பா எடுத்து வா. நோட்டையெல்லாம் அடுக்கு. பேசுகிறவன் பெயரைப் போர்டில் எழுது. ஒரு நல்ல மூளையை இப்படித்தான் நாம் ஆபீஸ் பியூன் ஆக்குகிறோம்.

ஹரிணி விஷயத்துக்குப் பிறகு, என் போர்டின் வலது மூலையில் தினமும் ஒரு முரட்டுக் கணக்கு இருக்கிறது. சீக்கிரம் முடித்தவர்கள் அதோடு மல்லுக்கட்டலாம். விடைக்கு மார்க் கிடையாது; எப்படி யோசித்தாய் என்பதுதான் கேள்வி. வகுப்பில் பேசியதற்காகத் தினமும் திட்டு வாங்குகிற ஒரு பையன், போன வாரம் அதற்கு இரண்டு வழி சொன்னான்!

ஹரிணியின் அம்மாவைப் பார்ப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. அவர் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். விடியும் முன்னே ஜீப் ஏறினால், இருட்டுவதற்குச் சற்று முன்புதான் திரும்புவார். ஜீப் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். கூடையும் தூக்குச்சட்டியுமாக இறங்கியவர் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"என்ன டீச்சர், புள்ள எதுவும் சேட்டை பண்ணிருச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"எம்மூத்தவன் பத்தாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட் டீச்சர். பஸ் ஸ்டாண்டுல ஆளு ஒசரத்துக்கு போட்டோ வச்சாக. மாலை போட்டாக. போறவாக வாறவாக பூரா நின்னு பாத்தாக. மறுமாசமே மஞ்சக்காமாலை வந்து படுத்தான். பொழச்சு எந்திரிச்சதே பெருசு. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல. இந்தா, இந்த ஜீப்பைத்தான் ஓட்டுறான்."

ஸ்டியரிங்கில் இருந்த இளைஞன் எங்களைப் பார்க்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சின்னப் புள்ளைக்குக் கன்னத்துல பொட்டு வக்கிறோம்ல? வளந்த புள்ளைக்கு எங்கன வக்கிறது? மார்க்குல வச்சேன்" என்றார்.

காமாலை தண்ணீரால் வருவது, கண்ணால் அல்ல என்று பாடம் நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. பெற்ற மகன் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவரிடம் அறிவியல் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் விட்டுவிட்டு வரவும் நான் போகவில்லை.

"பொட்டைக் கன்னத்துல வைங்க அக்கா, நான் தடுக்கல. ஆனா நீங்க கண்ணுக்குள்ள வச்சிருக்கீங்களே... புள்ள எப்படிப் பாக்கும்?"

ஜீப்பிலிருந்து மகனின் குரல் வந்தது. "டீச்சர் சொல்றதக் கேளும்மா."

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஊருக்குத் தெரியக் கூடாது. கைதட்டல், மாலை, போட்டோ... எதுவும் கூடாது. ஃபிளெக்ஸ் வைத்தால் அன்றைக்கே பிள்ளையை நிறுத்திவிடுவார். சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணினேன்.

ஹரிணி தேர்வு எழுதினாள். இந்தத் தடவை பள்ளம் தேடவில்லை. இடம் கிடைத்துவிட்டது.

அடுத்த நாளே எச்.எம். சார் உற்சாகமாகிவிட்டார். நல்ல மனிதர். அவருக்குப் பள்ளிதான் உயிர்.

"பக்கத்துல பிரைவேட் ஸ்கூல்ல எல்.கே.ஜி. பிள்ளை ரைம்ஸ் சொன்னதுக்கே ஃபிளெக்ஸ் வச்சிருக்காக டீச்சர். நம்மளும் வைக்கலைன்னா அட்மிஷனுக்கு யாரு வருவாக? நாளைக்கே அந்தப் புள்ளையோட போட்டோ வேணும்."

"வச்சா அந்தப் புள்ளை நின்னுரும் சார்."

"பெருமைப்படுத்துறதுக்கு யாராச்சும் கோவிப்பாகளா?"

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை வகுப்பில் இருக்கும்வரை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் பஸ் ஸ்டாண்டில் கட்டித் தொங்கவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் பாடம் நடத்துவது என்று ஒரு வேலை இருக்கிறதே, அதை யார் செய்வது?

அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். சார் இறங்கி வரவில்லை, நானும் இறங்கவில்லை. கடைசியில், "சரி, போட்டோ இல்லாம ஃபிளெக்ஸ் எப்படி அடிக்கிறது?" என்று கேட்டார்.

"என் போட்டோவைப் போடுங்க."

போட்டுவிட்டார்கள்! டீக்கடைக்கு எதிரே ஆறடி உயரத்துக்கு நான். 'எம் பள்ளியின் கணிதப் புலியே' என்று மேலே எழுத்து. பக்கத்திலேயே நிஜமாக ஒரு புலி. மாணவியின் பெயர் எங்குமே இல்லை. "கவுன்சிலர் எலெக்‌ஷனுக்கு நிக்கிறியா?" என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் ஓட்டித் தள்ளினார். தெருவில் நடக்கவே கூச்சமாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நாலைந்து நாள் கழித்து, ஸ்பெஷல் கிளாஸ் முடித்துவிட்டுக் கேட்டைத் தாண்டுகிறேன். ஜீப் ஒன்று வந்து நின்றது. ஹரிணியின் அம்மா இறங்கினார். சேலையெல்லாம் ஏலக்காய் வாசம். கையில் பேப்பரில் மடித்த கல்லுப்பும் வரமிளகாயும்.

"போறப்பயும் வாறப்பயும் பாக்குறேன் டீச்சர். அம்புட்டு சனமும் நின்னு உங்களையத்தான் பாத்துட்டுப் போறாக. எனக்கு மனசு ஆறல. கிழக்க பாத்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். பள்ளிக்கூட வாசப்படியில், எம்.எஸ்ஸி., பி.எட். படித்த கணக்கு டீச்சர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். தலையைச் சுற்றினார். "துப்புங்க" என்றார். துப்பினேன். ஆபீஸிலிருந்து வெளியே வந்த எச்.எம். சார் பார்த்துவிட்டு, வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

"எம்புள்ளைக்கு விழ வேண்டிய கண்ண நீங்க வாங்கிக்கிட்டீக டீச்சர்" என்று அந்த அம்மா உப்பை மடித்துக்கொண்டார். "இனிமே அவ முழுசா எழுதட்டும்."

தலையை ஆட்டினேன்.

இந்த வாரம் வகுப்பில் கணக்குப் பரீட்சை. ஹரிணி நூற்றுக்கு நூறு.

தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!