ஏழு பாட்டில் வாரம்

நாற்பத்தாறு வயதில் அப்பனானவனுக்கு நிதானம் இருக்கும் என்று ஊர் நினைக்கிறது. எனக்கு இல்லை. தொட்டிலுக்கும் சன்னலுக்கும் நடந்தே தரை தேய்ந்தது.

முப்பதாம் நாள் மகளுக்குப் பெயர் சூட்டினோம். சிங்கப்பூரில், எங்கள் பொங்கோல் வீட்டுக்கு வந்தவர்கள், பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஆளுக்கொரு குழந்தைக் குளியல் சோப்புத் திரவம் கொண்டுவந்தார்கள். லவண்டர், ரோஜா, பாலும் தேனும்... மொத்தம் ஏழு. கொடுத்தவர்கள் எல்லாரும் விடாமல் விசாரிப்பவர்கள். "நம்மளது போட்டீங்களா?" என்று கேட்டால், இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அதனால் முறை வைத்தோம். திங்கள் அக்காவுடையது, செவ்வாய் மச்சினியுடையது, புதன் எதிர்வீட்டுக்காரருடையது. யார் மனமும் கோணவில்லை. நுரை, நுரை, அதன் நடுவே ஒரு சின்ன மூக்கு! பொங்கப் பொங்க அழுக்குப் போகும் என்று பூரித்தேன். ஒரு மாதப் பிள்ளை எந்த மண்ணில் புரண்டாள் என்று யோசிக்கவில்லை.

இரண்டாம் வாரம் கழுத்து மடிப்பு சிவந்தது. பிறகு முழங்கை, தொடை இடுக்கு. பால் குடிக்கும்போதே நெளிந்து அழுதாள். மனைவியின் முகத்தில் சிரிப்பே போய்விட்டது. அதுதான் பயமாக இருந்தது.

பாலிகிளினிக்கில் மருத்துவர் பார்த்துவிட்டு, தொற்று இல்லை, தோல் எரிச்சல்தான் என்று தாதியிடம் அனுப்பினார். தமிழ்ப்பெண்.

"என்ன போட்டுக் குளிப்பாட்டுறீங்க?"

"திங்கள்னா லவண்டர், செவ்வாய்னா ரோஜா..."

"ஐயோ சார், இது பிள்ளையா, சாப்பாட்டுக்கடை மெனுவா லா?"

மூன்று நாளில் முதல் முறையாக மனைவி சிரித்தாள். தாதி என் கைப்பேசியில் இருந்த பாட்டில் படங்களைப் பெரிதாக்கினாள். "இந்த சல்பேட்தான் நுரை கொடுக்குது. கடுமையா இருந்தா தோல்ல இருக்கிற எண்ணெயையும் சேர்த்து எடுத்துடும். பிள்ளைத் தோல் மெல்லிசு. வாசனையும் ஒத்துக்காம போகலாம், 'இயற்கை'ன்னு எழுதியிருந்தாலும்தான். கொஞ்ச நாள் வெதுவெதுப்பான தண்ணி மட்டும். அப்புறம் வாசனை இல்லாத, மென்மையான ஒண்ணே ஒண்ணு. அதுவும் துளிதான்."

"கொடுத்தவங்க கேட்டா?"

"ரெண்டு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள பாப்பாவுக்கு அரசியலா?"

அன்று மாலையே அக்கா அழைத்தாள். "தம்பி, லவண்டர் எப்படி?"

"நிறுத்திட்டோம்க்கா. பாப்பாவுக்கு ஒத்துக்கல. வெறும் தண்ணிதான்."

"அடப்பாவி, முதல்லயே சொல்லியிருந்தா டயப்பர் வாங்கியிருப்பேனே! பிள்ளை எப்படிடா இருக்கா?"

அவ்வளவுதான். இதற்காகவா ஒரு பச்சைப்பிள்ளையின் தோலைக் காய விட்டேன்!

ஐந்தாம் நாள் காலை, தண்ணீரில் குளிப்பாட்டும்போது கழுத்து மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பில்லை. நம்பாமல் மறுபடி பார்த்தேன்.

"விடுங்க, கழுத்து என்ன அகராதியா, புரட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் மனைவி.

மகள் இரண்டு காலாலும் உதைத்தாள். தண்ணீர் எழுந்து என் கண்ணாடியில், மீசையில், அவள் அம்மாவின் முந்தானையில். அழாமல், ஒரு துளி அழாமல், இன்னும் உதைத்தாள்.