அக்கா அடிக்கவில்லை

அறுபதுகளில் நாங்கள் அந்தமானில், லம்பா லைனில் குடியிருந்தோம். அக்காவுக்குக் கல்யாண வயது. அதிகம் பேசமாட்டாள், யார் முகத்தையும் பார்க்கவும் மாட்டாள். ஆட்டிசம் என்ற சொல்லை நான் கேள்விப்பட்டதே பல வருஷம் கழித்துத்தான்.

ஒருநாள் காலை தெருக்குழாயில் ஒரே கூட்டம். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் தீதி என்போம். அவர் விளையாட்டாகப் பின்னாலிருந்து அக்காவின் தோளைப் பிடித்தார். அக்கா திரும்பி ஒரே தள்ளாகத் தள்ளினாள். தீதி ஈரச் சிமெண்டில் விழுந்தார். வளையல் உடைந்து முழங்கையில் ரத்தம்.

சாயங்காலத்துக்குள், “அந்த மதராசிப் பொண்ணு அடிக்குது” என்று பேச்சு பரவிவிட்டது. அடுத்த கப்பலில் மெயின்லேண்ட் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அம்மா மருந்தோடு தீதி வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த இந்தியில், “மாரா நஹீ தீதி, டர் கயி,” என்றாள். அடிக்கவில்லை, பயந்துவிட்டாள் என்று. குழாயடிச் சத்தமே அவளுக்குத் தாங்காது. அதில் பின்னாலிருந்து ஒரு கை பட்டால் நெருப்புப் பட்டதுபோல என்று விளக்கினாள்.

“அப்போ கோபம் இல்லையா?” என்று கேட்டார் தீதி.

“கோபம் வந்தா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவா. யாரையும் தொடமாட்டா. நீங்க முன்னால வந்து நின்னு கூப்பிடுங்க, போதும்.”

அக்காவுக்கும் ஒன்று சொல்லிக்கொடுத்தாள் அம்மா: உள்ளங்கையைக் காட்டி “ருக்கோ”, அதாவது நில்லுங்கள், என்று சொல்வது. வாளியோடு நான் எதிரே வரவேண்டும், அக்கா நிறுத்தவேண்டும். எனக்குச் சிரிப்பு வரும். அக்கா சிரிக்காமல் ஒவ்வொரு தடவையும் கை தூக்குவாள்.

பிறகு குழாயடியில் தீதி முன்னால் வந்து நின்று கூப்பிட்டார். அக்கா கையைக் காட்டினாள். “ருக்கோ.” தீதி நின்றார். கொஞ்ச நேரத்தில் அக்காவே தன் குடத்தை நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள்.

அந்த வருஷம் துர்கா பூஜைக்குத் தீதிதான் எங்களைக் கூட்டிப்போனார். பந்தலில் ஒருவர் இடித்துக்கொண்டு வந்தார். அக்கா கை காட்டியும் அவர் நிற்கவில்லை. தீதி குறுக்கே புகுந்தார். “ருக்கோ போலா நா! சுனா நஹீ?” நில்லென்று சொன்னாளே, காதில் விழவில்லையா என்று. இடித்தவர் திகைத்து ஒதுங்கினார். மேளம் ஓயும்வரை அக்கா காதைப் பொத்திக்கொண்டு நின்றாள், ஓடவில்லை. அவ்வளவு தைரியம் எனக்கு இருந்திருக்குமா தெரியாது.

திரும்பும்போது அக்கா தானாகவே தீதியின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். தீதி திரும்பிப் பார்க்காமல், நடையை மட்டும் மெதுவாக்கினார்.