அச்சடிக்கும் பேய்

மில்லர்புரத்துப் பிலோமினாவுக்கு வேண்டாத பொருள் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. கல்யாணத்துக்கு வந்த ஆறு சுவர்க்கடிகாரங்களில் ஐந்தை மறுவாரமே ஊருக்குக் கொடுத்தவள். பழைய துறைமுகத்துக்கு எதிரே, தோணியில் சரக்கு அனுப்பும் ஃபிராங்க்ளின் அண்ணாச்சியின் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் தலையில்தான்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடித்துத் திரும்பினாலும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். சனிக்கிழமை அதைக் காயலான் கடையில் போடப்போவதாக அண்ணாச்சி சொல்லிவிட்டார். போட்டுவிட்டால் கடல் தெரியும் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு ஆபீசின் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கும் ஜெபசிங்கின் மேசையில் பங்குக்குப் போக வேண்டும். ஜெபசிங் நாள் முழுக்கத் தன் சர்க்கரை அளவைப் பற்றியே பேசுபவர். பிலோமினா பழைய கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டிவிட உட்கார்ந்தாள்.

அதில் இருந்த இயங்குதளம் லினக்ஸ். பளபளப்பான டெஸ்க்டாப்பைக் கழற்றிவிட்டுச் சிக்கனமான ஒன்றைப் போட்டாள். திரையில் எல்லாம் மிதந்து வரும் ஜோடனையை நிறுத்தினாள். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூடவே விழித்துக்கொள்ளும் நிரல்களின் பட்டியலை அவள் திறந்தபோது, அண்ணாச்சி முதுகுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டினார்.

"இதென்னளா, டீமன்னு போட்டிருக்கு?"

இங்கிலீஷில் டீமன் என்றால் பேய்; லினக்ஸிலோ பின்னணியில் ஓசையில்லாமல் ஓடும் நிரலுக்கு அந்தப் பெயர். அதைச் சொல்லியிருக்கலாம். பிலோமினா சொல்லவில்லை.

"ஆமா அண்ணாச்சி. பேரு கடைசியில 'டி' இருக்கதெல்லாம் அந்தக் கூட்டந்தான்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அண்ணாச்சி மாதா கோயில் தீர்த்தக் குப்பியோடு வந்துவிட்டார். அவள் முந்தானையை விரித்ததால் கீபோர்டு பிழைத்தது.

"ஒண்ணு விடாம விரட்டு."

"ஒண்ணு விடாமலா? யோசிச்சுச் சொல்லுங்க."

"பேயில என்னளா நல்ல பேய், கெட்ட பேய்?"

ப்ளூடூத் போனது. 'கப்ஸ்டி' என்ற ஒன்றும் போனது. அது என்ன வேலை பார்க்கிறது என்று பிலோமினாவுக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் கம்ப்யூட்டர் இருபது விநாடியில் விழித்தது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் பேய் குடியிருந்த பெட்டி, சனிக்கிழமை போகட்டும் என்றார்.

பதினோரு மணிக்கு, மாலத்தீவுக்குக் கிளம்பும் தோணியின் மாலுமித் தலைவர், தண்டல் இனிகோ, சரக்குப் பட்டியல் வாங்க வந்து நின்றார். பிரிண்டர் அசையவில்லை. ஜெபசிங்கோ தன் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுச் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தார்.

"என்னளா ஆச்சு?"

"அச்சடிக்கிற டீமனையும் நீங்கதான அண்ணாச்சி விரட்டச் சொன்னிய?"

இனிகோ கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அத மட்டும் திரும்பக் கூப்பிடு."

"கூப்பிடுதேன். ஆனா சனிக்கிழமை காயலான் கடைக்குப் போற வீட்டுல எந்தப் பேய் குடிவரும்?"

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார், இனிகோவைப் பார்த்தார்.

"இங்கனயே இருந்துட்டுப் போகட்டும்."

பிலோமினா ஒரு வரி தட்டினாள். பிரிண்டர் உறுமிக்கொண்டு தாளைத் தள்ளியது.

இப்போதும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அண்ணாச்சி ஆபீஸ் முழுக்கத் தீர்த்தம் தெளிக்கிறார். ஜன்னலோர மேசையை மட்டும் விட்டுவிடுகிறார். அச்சடிக்கும் பேய் கோபித்துக்கொண்டு போய்விட்டால் தோணி கிளம்பாதாம்.