ரோலர் ரூம் காதுக்கு ஒரு எம்.பி.3

1. மூன்றாவது முறை

2005 செப்டம்பரில், ஹட்டனில் நான் வேலை பார்த்த ரேடியோ கடைக்கு ஒரே மனிதர் ஒரே மாதத்தில் மூன்று எம்.பி.3 செட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்று வருகையும் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. ஒரு சனி, அடுத்த சனி, அதற்கடுத்த செவ்வாய். செவ்வாய்க்கு நேராக ‘மழை’ என்றும் எழுதியிருக்கிறேன். அந்த ஊரில் அது எழுத வேண்டிய சங்கதியே அல்ல. ஆனால் எழுதுகிறவனுக்கு எழுதாமல் இருக்க முடியாது.

வாங்கிய சாமானை ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவோம் என்று முதலாளி ஒரு போர்டு மாட்டியிருந்தார். எதிர்க்கடைக்காரன் மாட்டியதால் இவரும் மாட்டினார். யாரும் அதை வாசிப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“கண்ணா, ஒண்ணு அந்த போர்ட கழட்டு, இல்லாட்டி அந்த மனுசன கழட்டிவுடு” என்றார் முதலாளி.

மனுசன் என்று அவர் சொன்னது ஆறுமுகண்ணனை. நோர்வூட் பக்கத்துத் தோட்டம். ஐம்பது தாண்டியவர். இருபத்தெட்டு வருடமாக ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோரு என்றுதான் சொல்வார்கள். அதிலும் அவருக்குக் கொழுந்து அரைக்கிற ரோலர் ரூம். அங்கே நாள் முழுக்க மெசின் ஓடும். வாயால் பேசிப் புண்ணியமில்லை. கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. ஆறுமுகண்ணன் கடைக்குள் வந்து “தம்பி” என்றால் எதிர்ப் பக்கத்து பேக்கரியில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

“சத்தம் பத்தல தம்பி!”

“முழுசா வச்சுப் பாத்திங்களாண்ணே?”

“வச்சேன். பக்கத்துக் காம்பராவுல, செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுற மாதிரி இருக்கு. பேசுறாங்கன்னு தெரியுது. என்னா பேசுறாங்கன்னு தெரியல.”

“பாட்டு கேளுங்கண்ணே, நல்லா இருக்கும்.”

“பாட்டு யாருக்கு வேணும்? எம் பொண்ணு பேசுறது வேணும்.”

அவருடைய மகள் சாந்தி குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். கடிதம் எழுத அலுத்துக்கொண்டு, கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். எங்கள் ஊர் ஈரத்தில் கேசட்டுக்குள் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். அதனால் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எம்.பி.3 ஆக்கிக் கொடுப்பது அப்போது எங்களுக்கு நல்ல வியாபாரம். அப்படி ஏற்றும்போது ஸ்பீக்கரை மூடிவிடுவேன். ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடும். திரையில் பச்சைக் கோடு ஆடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த வீட்டுச் சண்டை நமக்கெதற்கு? பாட்டுக் கேசட் என்றால் மட்டும் திறந்துவிடுவேன்.

ஆறுமுகண்ணனுக்கு நேரில் பேசினால் பாதி புரியும். முகத்தைப் பார்த்து மீதியைப் பிடித்துக்கொள்வார். கேசட்டுக்கு முகம் கிடையாது. ஆகவே வீட்டில் அவருடைய மனைவி ராக்கம்மா கேட்டு, அவரிடம் உரக்கச் சொல்வார். தீபாவளிக்கு வருகிறாளாம், நன்றாகச் சாப்பிடுகிறாளாம், அந்த வீட்டு அம்மா தங்கமானவளாம்.

“நாலு கேசட் வந்திருச்சு. நாலுலயும் அதேதான் சொல்றாளாம்” என்றார் ஆறுமுகண்ணன். “ஒரு மணி நேரம் ஓடுது தம்பி. இவ சொல்றது மூணு வார்த்த. மிச்சம் எங்க போச்சு? எம் பொண்டாட்டி சொல்றத இருபத்தஞ்சு வருசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எம் பொண்ணு சொல்றத ஒரு தடவ கேக்கணும்.”

2. ஏழு செட்டும் ஒரு வாத்தியாரும்

அந்தச் செவ்வாய்க்கிழமையே ஒரு முடிவெடுத்தேன். கடையில் இருந்த ஏழு செட்டையும் வரிசையாக வைத்து, ஒரே பாட்டு, ஒரே இயர்போன் போட்டு, எது நல்ல சத்தம், எது பெரிய சத்தம் என்று பார்த்து எழுதிவிடுவது. தொண்ணூற்று நாலில் அந்தக் கடையில் சேர்ந்ததிலிருந்து நான் நோட்டுப் புத்தகக்காரன். கேசட் காலத்தில் எந்தக் கம்பெனி ஹெட் எத்தனை மாதத்தில் தேய்ந்தது என்றுகூட எழுதிவைத்தேன். யாரும் கேட்கவில்லை.

முதலில் நின்றது ஜப்பான்காரன். இரும்பு உடம்பு, சுத்தமான சத்தம், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். ஆனால் எங்களிடம் இருந்தது யாரோ ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விற்றது. அங்கே காது கெடாமலிருக்க வால்யூமுக்குக் கடிவாளம் போட்டுத்தான் விற்பார்களாம். முழுசாக வைத்தாலும் மரியாதையாகவே பாடும். அடுத்தது கொரியாக்காரன். சத்தமும் உண்டு, சுத்தமும் உண்டு, கீழே இடிக்கிற பேஸையும் மேலே கீச்சிடுகிற ட்ரெபிளையும் கூட்டிக் குறைக்கலாம். மற்ற ஐந்தும் சீனா. அதில் கடைசி ஒன்று, சின்ன பேட்டரி ஒன்று போட்டு ஓடும் நீலக் குச்சி. ஓடும்போது லைட் எரியும். அதுதான் அதில் நல்ல விஷயம். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே ‘உஸ்’ என்று ஒரு இரைச்சல். பேஸ் என்பது அறவே இல்லை. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். நோட்டில் அதற்கு நேராக ‘மனிதக் காதுக்கு ஆகாது’ என்று எழுதினேன்.

என் காதை மட்டும் நம்பக்கூடாது என்று, பேட்டரி வாங்க வந்த சங்கீத வாத்தியார் ஒருவரையும் உட்காரவைத்தேன். யாழ்ப்பாணத்தவர், இங்கே பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக் கேட்டார். ஜப்பான்காரனைக் கழித்தார். சீனாவில் ஒன்றைத் தொட்டு, “இதிலதான், ஐசே, சுருதி சுத்தமாக் கேக்குது. மற்றதெல்லாம் மந்தம்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பார்த்தால் அந்த செட்டின் வால்யூம் மற்றதைவிட இரண்டு புள்ளி கூடுதலாக இருந்தது. ஏழையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி கொடுத்தேன். இப்போது ஜப்பான்காரனைத் தொட்டு, “இதுதான் நான் முதல்ல சொன்னது” என்றார். நான் மறுக்கவில்லை. வாத்தியார்மாரிடம் மறுத்துப் பழக்கமில்லை.

இப்போது கடைகளில் செட் விற்கிற தம்பிமார் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம். இரண்டு செட்டை ஒப்பிடும்போது எது கொஞ்சம் பெரிதாகப் பாடுகிறதோ அதுதான் ‘சுத்தம்’ என்று காது சொல்லும். சத்தத்தைச் சமப்படுத்தாமல் தரத்தைப் பார்ப்பது, ஒருவனை நாற்காலியில் ஏற்றிவிட்டு உயரம் பார்ப்பது மாதிரி.

ஆனால் நான் செய்த பெரிய பிழை இதுவல்ல. எங்கள் பக்கத்தில் ஸ்பீக்கர் கட்டுகிறவனிலிருந்து செட் விற்கிறவன் வரை எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும். சத்தம் பத்தவில்லையா? பேஸைக் கூட்டு. நெஞ்சில் இடித்தால் ஆள் சந்தோஷப்பட்டுப் போய்விடுவான். திருவிழாவுக்கு செட் கட்டிப் பழகிய கை அது. ஆறுமுகண்ணன் கொண்டுவந்த மூன்று செட்டிலும் நான் அதைத்தான் செய்து அனுப்பியிருந்தேன். மூன்றாவதில் இருந்த பேஸ் முழுவதையும் திறந்துவிட்டிருந்தேன்.

3. கரண்ட் போன மத்தியானம்

அவரை மறு சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தேன். அவருடைய நாலாவது கேசட்டை ஏழு செட்டிலும் ஏற்றி வைத்தேன். வந்தார். கொரியாக்காரனைப் பேஸோடு கொடுத்தேன்.

“இடி இடிக்குது.”

“பேச்சு?”

“எம் பொண்ணு எப்ப ஆம்பளையானா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து, “அண்ணே, காது டாக்டர்கிட்டப் போகவேண்டிய ஆளு ரேடியோ கடைக்கு வந்தா நாங்க என்னா பண்றது?” என்றார்.

ஆறுமுகண்ணன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முழுசாகப் புரிந்துவிட்டது. “போனேன் மொதலாளி. காதுல வைக்கிற மெசின் சொன்னாரு. வெலயும் சொன்னாரு. வெல நல்லாக் கேட்டுச்சு” என்றார்.

அந்த நேரம் கரண்ட் போனது. கடைத்தெரு முழுக்க ஒரே நொடியில் வாயை மூடியது. எதிர்க்கடைப் பாட்டு, பேக்கரி மெசின், எங்கள் ஷோகேஸ் டி.வி. எல்லாம் நின்று மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. மற்ற ஆறு செட்டுக்கும் காலையிலிருந்து ஓட்டிப் பார்த்ததில் சார்ஜ் இறங்கியிருந்தது; வயரில் மாட்டித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பேட்டரி போட்டால் ஓடுவது நீலக் குச்சி ஒன்றுதான். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. சும்மா உட்காரவைக்க வெட்கமாக இருந்ததால் அதைக் கையில் கொடுத்தேன். இதில் என் அறிவுக்கு ஒரு பங்கும் இல்லை. பின்னாளில் முதலாளி இதைத் தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டார். அவருக்கும் பங்கில்லை.

ஆறுமுகண்ணன் காதில் மாட்டினார். வால்யூமைக் கடைசிவரை ஏற்றி ஒரு நிமிடம் கேட்டார். பிறகு கையைத் தூக்கினார். ரோலர் ரூமில் மெசினை நிறுத்து என்பதற்குக் காட்டுகிற கை. நாங்கள் அசையாமல் நின்றோம்.

“சாந்திதான்” என்றார்.

எனக்கு விளங்க இன்னொரு நிமிடம் ஆனது. இருபத்தெட்டு வருடம் மெசின் தின்றது அவர் காதில் கீச்சுச் சத்தம் பிடிக்கிற பக்கத்தை. மேளம் கேட்கும், இடி கேட்கும். க, ச, ட, த என்று பேச்சைப் பிரித்துக் காட்டுகிற மெல்லிய கூர்மைதான் போய்விட்டது. நான் பேஸைக் கூட்டக் கூட்ட, கேட்கிறதைக் கூட்டிக் கேட்காததை மூடிக்கொண்டிருந்தேன். பேஸே இல்லாமல் கீச்சென்று கத்தும் அந்தத் தகர டப்பா, அவருக்குக் குறைவானதை மட்டும் அள்ளிக் கொடுத்தது. மனிதக் காதுக்கு ஆகாது என்று நான் எழுதியபோது என் காதை மட்டுமே மனிதக் காதாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

கீச்சுக் குரலை முழு வால்யூமில் வைத்தால் இயர்போனிலிருந்து வழியும். கரண்டில்லாத கடையில் எனக்கும் முதலாளிக்கும் அது தெளிவாகக் கேட்டது. காதை மூடிக்கொள்ள நேரமில்லை.

“அம்மா, அப்பாவுக்குத்தான் கேக்காதே, அதனால இதுலயே சொல்லிர்றேன். நான் தீபாளிக்கு வரல. இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். இந்த வீட்டம்மாவும் நல்லவ இல்ல, ஏசுனா ஏசிக்கிட்டே இருப்பா. நான் சமாளிச்சிக்கிறேன். அப்பாகிட்ட வர்றேன்னே சொல்லிவைங்க. மனசுல எதையாச்சும் போட்டுக்கிட்டு மெசின்கிட்ட நின்னாருன்னா கை போயிரும்.”

முதலாளி கல்லாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

ஆறுமுகண்ணன் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். கழட்டி வைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் சிரித்தது.

“கள்ளிங்க” என்றார். “ஆத்தாளும் மகளும் சேந்து என்னைய மெசின்ல இருந்து காப்பாத்துறாளுங்களாம்.”

“அண்ணே, தப்பா எடுத்துக்காதிங்க. வீட்ல அக்காகிட்ட பக்குவமாக் கேளுங்க” என்றேன்.

“என்னாத்தக் கேக்குறது? கேட்டேன்னா எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சிரும். அடுத்த கேசட்ல என்னா வரும்? ‘நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்’. அவ்வளவுதான் வரும்.” முதலாளியைப் பார்த்து, என்னைப் பார்த்து, பேக்கரிக்குக் கேட்கிற குரலில், “எனக்குக் கேக்குதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லிறாதிங்க!” என்றார்.

கரண்ட் வந்த பிறகு கொரியாக்காரனில் பேஸை இறக்கி ட்ரெபிளைத் தூக்கிக் கொடுத்துப் பார்த்தேன். இரைச்சலில்லாமல் அதுவும் அவருக்கு நன்றாகவே கேட்டது. அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நீலக் குச்சியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கையால் மூடிக்கொண்டார்.

4. ராக்கம்மா கேட்ட கேள்வி

தீபாவளி கழிந்து, நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மா வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. கொழுந்தெடுக்கிற கை, கறை ஏறிய விரல்கள். அதில் புதுக் கேசட் ஒன்றும் நீலக் குச்சியும்.

“இதையும் அந்த குச்சியில ஏத்திக் குடுங்க தம்பி.” மேசையில் கேசட்டை வைத்துவிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க. இதுல அவருக்குக் கேக்குதா?”

பதினொரு வருடம் அந்தக் கடையில் சாமான் விற்றிருக்கிறேன். அழுதுவடியும் செட்டைக்கூட ‘அருமையான சவுண்டுக்கா’ என்று சொல்லியிருக்கிறேன். நல்லபடி வேலை செய்கிற ஒரு செட்டைப் பற்றி அன்றுதான் முதல்முறையாகப் பொய் சொன்னேன்.

“எங்கக்கா கேக்குது? அது ஒரு தகர டப்பா. சும்மா காதுல மாட்டிக்கிட்டிருக்காரு.”

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன்” என்றார். “கேட்டுக்கிட்டு இருக்கும்போதே நடுவுல அழுவுறாரு. என்னாங்கன்னா, பாட்டு நல்லா இருக்குங்கிறாரு.”

அவர் கேசட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் முகம் பார்த்து மிச்சத்தைப் பிடிக்கிற பழக்கம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அப்ப சரி” என்றார் கடைசியில். “கேக்கலன்னு நீங்க சொன்னதா நானும் சாந்திகிட்டச் சொல்லிர்றேன். பாவம், அவளுக்கும் மனசுல உள்ளத யார்கிட்டயாச்சும் சொல்லணும்ல.”

அவர் போனதும் முதலாளி சண்டைக்கு வந்தார். “ஏன்டா, வித்த சாமானையே டப்பாங்கிற. வெளங்குமா கடை?”

இப்போது போன் கடைகளிலும் ஹெட்போன் கடைகளிலும் நிற்கிற தம்பிமார், தங்கச்சிமார் என்னிடம் எது நல்ல செட் என்று கேட்கிறார்கள். சத்தத்தைச் சமப்படுத்திப் பாருங்கள், வாங்குகிறவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேளுங்கள், பேஸைத் தொடுமுன் ட்ரெபிளைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்வேன். செட்டைப் பற்றி யார் என்ன கேட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த செட்டில் யாருக்கு என்ன கேட்டது என்று மட்டும் வீட்டிலிருந்து ஒருவர் வந்து கேட்டால், உங்கள் கடைச் சாமானை நீங்களே மட்டம் தட்டுங்கள். கடை விளங்கும்.