நான் மட்டும் கேட்காத குழு

என் மேசையில், மடிக்கணினிக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவில், ஒரு கசற் இருக்கிறது. தொண்ணூறு நிமிடக் கசற். அதன் முகப்புத் தாளில் நீல மையில், அளவுப் புத்தகத்தில் எழுதிப் பழகிய நிமிர்ந்த எழுத்தில், ஒரு குழுவின் பெயரும் நான்கு பாட்டுகளின் பெயர்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடமும் செக்கனும். மூன்றாம் பாட்டுக்குக் கீழே மட்டும் ஒரு குறிப்பு: 'மணி, 16 நிமிடம் 20 செக்கன்.' இதைப் போட்டுக் கேட்க என்னிடம் கருவி இல்லை. இருந்தாலும் பயனில்லை. இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று மனைவி கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஒரு மனிதர்மீது முப்பது வருடம் இடைவிடாமல் பொறாமைப்பட்டதற்குக் கிடைத்த நினைவுப் பரிசு என்று எந்த மனைவியிடம் சொல்ல முடியும்?

அந்த மனிதரை ஊரில் எல்லோரும் ஓவசியர் என்றுதான் அழைப்பார்கள். துறைமுகத்து இறங்குதுறைகளின் கட்டு வேலைகளை மேற்பார்வை செய்தவர். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. நான் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு காணி அலுவலகத்தில் எழுதுவினைஞர். எங்கள் இருவரையும் கோத்துவிட்டது புரோகிரசிவ் றொக் என்ற சங்கீதம். கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அதில் ஒரு பாட்டு இருபது நிமிடம் போகும். தாளம் ஏழில் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் துணிந்து காலைத் தட்டத் தொடங்கியதும் பதினொன்றுக்கு மாறும். பாடுகிறவர் எட்டாம் நிமிடத்தில் வாயைத் திறந்து, ஏதோ ஒரு கோளைப் பற்றி நான்கு வரி பாடிவிட்டு மறுபடி காணாமல் போய்விடுவார். திருகோணமலையில் இதை ஆசைப்பட்டுக் கேட்டவர்கள் அந்த நாளில் இரண்டே பேர். இரண்டு பேர் இருந்தாலே யார் முதலாவது என்ற கேள்வி வந்துவிடும்.

முதலாவது அவர்தான். காரணம், கப்பல்கள். கோதுமை கொண்டுவரும் கப்பல்களில் போலந்துக்காரர், பல்கேரியக்காரர் என்று மாலுமிகள் வருவார்கள். மற்றவர்கள் அவர்களிடம் சவர்க்காரமும் சிகரெட்டும் மாற்றிக்கொண்டிருந்தபோது ஓவசியர் செவ்விளநீர்க் குலையோடு போய்க் கசற்றோடு திரும்புவார். அவருடைய அலுமாரியில், மனைவியின் சேலைகளுக்கு ஒதுக்கிய தட்டையும் பிடித்துக்கொண்டு, ஹங்கேரியிலேயே மறந்துபோன ஹங்கேரியக் குழுக்கள் வரிசையாக நின்றன. என்னிடம் இருந்தவை சஞ்சிகைகள். சுற்றுலாக்காரர்கள் உப்புவெளி விடுதிகளில் விட்டுப்போகும் இசைச் சஞ்சிகைகள் பழைய பேப்பராகக் கடைக்கு வரும். அவற்றில் சீனி சுற்றப்படுவதற்குள் நான் போய் மீட்டுவிடுவேன். ஆகவே எந்தக் குழுவில் யார் யாரோடு கோபித்துக்கொண்டு பிரிந்தார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர்கள் என்ன வாசித்தார்கள் என்பது மட்டும் தெரியாது. சமையல் புத்தகத்தை வாசித்து ஏப்பம் விடுகிறவனின் நிலைமை. அவர் கேட்டவர், நான் வாசித்தவன். என் வயிற்றெரிச்சலின் முழு வரலாறும் இந்த ஒரு வசனத்தில் அடங்கும்.

இரவல் கொடுக்கவே மாட்டார். "கசற் வீடு மாறினா இழுபடும், தம்பி" என்பார். வேண்டுமானால் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். போவேன். பிரம்புக் கதிரையில் இருத்துவார். நல்ல இடம் வருவதற்கு முன் கருவியை நிறுத்தி, நல்ல இடம் வரப்போகிறது என்று அறிவிப்பார். அது வந்து போனதும் மறுபடி நிறுத்தி, வந்து போனதை உறுதிப்படுத்துவார். நாற்பது நிமிடச் சங்கீதம் முடிய இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். "அந்தப் பிள்ளையை விடுங்கோவன், பசிக்கப்போகுது" என்று குசினியிலிருந்து அவர் மனைவியின் குரல் வரும். திரும்பும்போது சைக்கிளில், கேட்டது சிந்திவிடாதபடி முணுமுணுத்துக்கொண்டே வருவேன். மூன்றாவது சந்தி தாண்டுவதற்குள் அது ஒரு பழைய சினிமாப் பாட்டாக மாறியிருக்கும்.

போர்க்காலத்தில் ஒருமுறை சோதனைச் சாவடியில் அவருடைய பையில் கசற்றைக் கண்ட சிப்பாய், இதில் என்ன பேச்சு இருக்கிறது என்று கேட்டுப் போட்டுப் பார்த்தாராம். எட்டு நிமிடம் வெறும் காற்றுச் சத்தம். ஒன்பதாம் நிமிடத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். சிப்பாய் கருவியை நிறுத்தி, கசற்றை அவர் கையில் வைத்து, தோளில் தட்டி அனுப்பிவிட்டார். இந்தக் கதையைக்கூட நான் பொறாமையோடுதான் கேட்டேன். என் ரசனைக்காக எந்தச் சிப்பாயும் என்மீது இரங்கியதில்லை.

போர் முடிந்து விடுதிகள் பெருகியதும், கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் உப்புவெளிக் கடற்கரையில் ஆண்டுக்கொரு முறை இசைவிழா நடக்கத் தொடங்கியது. மேடையில் நடப்பது ஆடுவதற்கான சங்கீதம். எங்கள் விழா மேடைக்குப் பின்னால், விடுதியின் திறந்த குசினியோரம், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கிண்ணியா நானாவின் மேசையைச் சுற்றி நடக்கும். இந்த வியாதி அதற்குள் இன்னும் சிலருக்குத் தொற்றியிருந்தது: ஒரு பௌதிக ஆசிரியர், கொழும்பிலிருந்து வரும் இரண்டு மூன்று பேர், வழிதவறி வந்த வெள்ளைக்காரர் யாராவது. அங்கே சனம் ஆடிக்கொண்டிருக்க, நாங்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்துகொண்டு, அந்த மேடைக்கு ஒருநாளும் வரப்போகாத குழுக்களைப் பற்றிச் சண்டை பிடிப்போம். சண்டையின் விதி சுலபமானது. ஆயிரம் பேர் கேட்ட குழு சந்தைச் சரக்கு. நூறு பேர் கேட்டது பரவாயில்லை. ஓவசியர் எடுத்து வைப்பவை பன்னிரண்டு பேர் கேட்டவை. அந்தப் பன்னிரண்டில் நான்கு பேர் குழுவிலேயே இருந்தவர்கள்.

நான்கு விழாக்களுக்கு முன் அப்படித்தான் ஒரு ருமேனியக் குழுவை இறக்கினார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. "நல்ல குழுதான். ஆனா இவையளுக்கு முன்னோடி ஒண்டு இருக்கு" என்று தொடங்கிவிட்டேன். தொடங்கிய பிறகுதான் முன்னோடிக்குப் பெயர் இல்லை என்பது உறைத்தது. அண்ணாந்து பார்த்தேன். குசினி வாசலில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று நின்றது. அதன் கதவிலிருந்த பெயரில் பாதி எழுத்துகளை உப்புக்காற்று தின்றிருந்தது. எஞ்சியதை அப்படியே வாசித்தேன்.

"ஒல்ட்ரென். நோர்வேக்காரர். ஒரேயொரு இசைத்தட்டுத்தான் போட்டவை."

"அப்பிடி ஒரு குழு இரிக்கா தம்பி?" என்றார் நானா.

ஓவசியர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். "ஓம், கேட்டிருக்கிறன். மூண்டாவது பாட்டில ஓரிடத்தில ஓகன் வாசிப்பு நிக்கும். எல்லாம் நிக்கும். ஒரு மணி மட்டும் அடிக்கும். பனிக்குள்ள ஒரு கப்பல் நிண்டு, தான் இருக்கிறன் எண்டு அடிக்கிற மாதிரி. அந்த மணி கேட்ட பிறகுதான் முதல் ரெண்டு பாட்டும் ஏன் அவ்வளவு சந்தோசமா இருந்தது எண்டு விளங்கும்."

நானா 'சுபுஹானல்லாஹ்' என்று முணுமுணுத்தார். எனக்கு உள்ளங்கால்வரை எரிந்தது.

"மணி கிடையாது" என்றேன். "அந்தக் குழுவில மணியே இல்லை."

"தம்பி, நீங்கள் கேட்டனீங்களோ, வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சனான்."

"அதுதான்" என்றார், மிகுந்த அன்போடு.

அன்றிலிருந்து ஒல்ட்ரென் அவருடைய குழுவாகிவிட்டது. பௌதிக ஆசிரியர் கைத்தொலைபேசியில் தேடினார். ஒன்றும் வரவில்லை. "இணையத்திலயே இல்லையெண்டாப் பாருங்கோவன்!" என்று புல்லரித்துப் போனார். அடுத்த விழாவுக்கு வந்த ஒரு ஜெர்மன்காரர் கண்ணை மூடி யோசித்து, தன் மாமாவிடம் அந்தத் தட்டு இருந்ததாகவும், மணியைப் பற்றி ஓவசியர் சொல்வது மிகச் சரி என்றும் சொன்னார். உலகத்தில் ஒல்ட்ரெனைக் கேட்காத ஒரே ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது. பெற்றவன் நான். வளர்ந்தது அவர் மடியில். வாயைத் திறந்தால் நானும் அகப்படுவேன் என்பதால் மூன்று விழாக்களை வாயை மூடிக்கொண்டே கடந்தேன்.

இந்த ஆண்டு பொறுமை தீர்ந்தது. விழாவுக்கு முதல் நாளே போய் அந்த ஃபிரிட்ஜின் கதவைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். எல்லோர் முன்னிலையிலும் காட்டுவது என்று முடிவு. நான் பொய்யன் என்று தெரியவரும், பரவாயில்லை. அவரும் பொய்யர் என்று தெரியவருமே. ஐம்பத்துநான்கு வயதில் ஒரு மனிதன் இவ்வளவு கவனமாக ஒரு கேவலத்தைத் திட்டமிடலாம் என்பதை நான் எந்தச் சஞ்சிகையிலும் வாசித்திருக்கவில்லை.

மாலை நான்கு மணியிருக்கும். மற்றவர்கள் தேநீர் வாங்கப் போயிருந்தார்கள். ஓவசியர் வழக்கம்போல எல்லாக் கதிரைகளையும் பார்த்தபடி போட்ட தன் கதிரையில் முதலே வந்து இருந்தார். நான் கைத்தொலைபேசியோடு பின்பக்கமாக வந்தேன். அந்த நேரம் மேடையில் யாரோ ஒலிவாங்கியைக் கொண்டுபோய் ஒலிபெருக்கிக்கு முன் பிடித்திருக்க வேண்டும். ஒரு வீரிடல். கறி கிண்டிக்கொண்டிருந்தவர் அகப்பையைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார். நாய்கள் ஓடின. நானா "நிப்பாட்டுடா!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார். நானும் காதைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தபோது, ஓவசியர் அசையாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் ஒன்று முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. ஏழு. ஏழு. பதினொன்று.

"ஓவசியர்" என்றேன். சத்தம் அடங்கிய பிறகு இன்னொரு முறை, உரக்க. அவர் திரும்பவில்லை.

சில வருடங்களாக அவர் யாரையும் வீட்டுக்கு அழைத்துக் கசற் போடவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அதைத் தலைக்கனம் என்று எண்ணி, அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டிருந்தேன். கதைக்கிறவரின் முகத்தை அவர் உற்றுப் பார்ப்பதும், பின்னாலிருந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரு புன்னகையே பதிலாக வந்ததும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சுற்றி வந்து அவருக்கு முன் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"எவ்வளவு காலம்?" என்று வாயை நன்றாக அசைத்துக் கேட்டேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "அஞ்சு வருசம். தூண் இறக்கிற மெசினுக்குப் பக்கத்தில நிண்ட காதுகள்தானே. இடது முழுசாப் போயிட்டுது. வலதில ஒரே இரைச்சல். காதுக்கு மெசின் வச்சா சத்தம் வருது, சங்கீதம் வரேல்லை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் வெண்டிருவீங்களே. உங்களுக்கு வாசிச்ச அறிவு. அதுக்குக் காது தேவையில்லை."

முப்பது வருடத்தில் என் பழைய பேப்பர்களை அவர் ஒரு பொருட்டாக நினைத்தார் என்பதற்கு இதுதான் முதல் சாட்சி. அதை ரசிக்கக்கூட நேரமில்லை. "அப்ப ஒல்ட்ரென்?" என்றேன்.

"அந்த ஃபிரிட்ஜ் எனக்கும் நேராத்தானே நிண்டது, தம்பி. நீங்கள் அண்ணாந்து பாத்ததையும் பாத்தனான்." குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு தாழ்த்தாமலே தொடர்ந்தார். "மணியை அண்டைக்கு வாயில வந்தபடி சொல்லிப்போட்டன். பிறகு வீட்டை போய் யோசிக்க மிச்சமும் வந்தது. மற்றக் கசற் எல்லாம் அலுமாரியில ஊமையா நிக்குது. இது ஒண்டைத்தான் இப்ப வடிவாக் கேக்க ஏலுது. நாலு பாட்டும் முழுசாக் கேக்கும்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாக. முதலில் வந்தது பொறாமை என்ற பழைய விருந்தாளிதான். குழுவை உண்டாக்கியவன் நான், காதுகள் இரண்டும் நல்ல நிலையில் இருக்கிறவன் நான். எனக்கு ஒரு தந்தி அதிரும் சத்தம்கூடக் கேட்டதில்லை. செவிடாகிப்போன மனிதருக்கு நான்கு பாட்டும் கேட்கிறது!

தேநீரோடு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். நான் அவருக்கு நேர் முன்னால் இருந்துகொண்டேன். யார் எது கேட்டாலும், "ஓவசியர், இவர் என்ன கேக்கிறாரெண்டா" என்று அதை என் வாயால் ஒருமுறை திருப்பிச் சொன்னேன். ஆசிரியர் என்னை முகஸ்துதிக்காரன் என்று நினைத்திருப்பார். சிறிது நேரத்தில் கொழும்பிலிருந்து புதிதாக வந்த ஒருவர், உலகத்துத் தட்டுகளையெல்லாம் பட்டியலில் வைத்திருப்பவர், தலையை ஆட்டினார். "ஒல்ட்ரென் எண்டு ஒரு குழு எங்கேயும் இல்லை. ஓவசியர் ஆரோ சொன்னதை நம்பி..."

ஆசிரியர் ஓவசியரைப் பார்த்தார். நானா என்னைப் பார்த்தார். ஓவசியருக்கு அந்த மனிதரின் வாய் தெரியவில்லை; என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் திருப்பிச் சொல்லப்போவதற்காக. என் சட்டைப் பையில் ஃபிரிட்ஜின் படம் இருந்தது. நான்கு வருடமாகக் காத்திருந்த தருணம் தானாகவே கதிரை போட்டு எனக்கு முன்னால் இருந்தது.

"குழு இருக்கு" என்றேன், ஓவசியரைப் பார்த்தபடியே. "நானும் கேட்டனான். மூண்டாவது பாட்டில மணி வரும். பதினாறாம் நிமிசம்."

ஓவசியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சாரத்தின் ஓரத்தால் துடைத்து, மறுபடி மாட்டினார்.

"பதினாறு இருபது, தம்பி" என்றார்.

பத்து நாள் கழித்து நானா அலுவலகத்துக்கே வந்து இந்தக் கசற்றைத் தந்தார். ஓவசியர் கொடுத்தனுப்பியதாம். எனக்குத் தெரிந்து ஓடக்கூடிய கருவி நானாவின் கடையில் மட்டும்தான் இருக்கிறது என்பதால் அன்று பின்னேரமே கிண்ணியாவுக்குப் போனேன். நானா போட்டார். இரைச்சல். வெற்று நாடாவின் மெல்லிய இரைச்சல்.

"ஒண்டும் இல்லியே தம்பி?"

"பொறுங்கோ நானா. மெல்லத்தான் தொடங்கும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கடைக்கு வந்த இரண்டு பேரைக் கையசைத்து அனுப்பினார். நேரம் போனது. பக்கத்தைத் திருப்பினார். அப்படியே நீண்ட நேரம் இருந்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"ரெண்டாம் பக்கம்தான் தம்பி விசயம்" என்றார். சிரித்தாரா என்பது தாடிக்குள் தெரியவில்லை.

மேசையில் இருப்பது அந்தக் கசற்தான். சில மாலைகளில் கையில் எடுத்துப் பாட்டுகளின் பெயர்களை வாசிக்கிறேன். வாசிப்பதில் நான் கெட்டிக்காரன். முப்பது வருடம், ஒரு கசற்றைக்கூட இரவல் தராத மனிதர் என்று அவர்மீது வயிறெரிந்தேன். இப்போது ஒன்றை எனக்கே எனக்கென்று தந்துவிட்டார். அதையும், அங்கே கடலைப் பார்த்த கதிரையில் இருந்துகொண்டு, அவர்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.