அடுப்படிக்கு ஒரு பாட்டுப் பெட்டி

இல்லத்தரசி உத்தியோகத்துக்கு வருகிறவர்கள் சமையல் கற்றுக்கொண்டு வருகிறார்கள். ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்த கணவரைச் சமாளிக்க யாரும் பாடம் நடத்துவதில்லை, என் கான்வென்ட் சிஸ்டர்கள் உட்பட. அப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்தும் சகோதரிகளே, இது உங்களுக்காக.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி மேனேஜர். தொண்ணூறுகளில் அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் இடுப்பளவு உயர ஸ்பீக்கர்கள் இரண்டும் ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சிடிக்களில் இருந்த பாட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குள் குடிபோன பிறகு, பெட்ரூமிலிருந்து ஹால் வரை ஒரு வயர் ஓடியது. காபித் தட்டோடு நான் அதில் தடுக்கி விழுந்த அன்று, வயர் இல்லாமல் பாட்டை அனுப்பும் பெட்டி வாங்குவதென்று முடிவானது. நான் வைத்தது ஒரே நிபந்தனை: அடுப்படியிலும் பாட்டு கேட்கவேண்டும். என் நாளில் பாதி அங்கேதான் போகிறது. ஹாலில் ஓடும் பாட்டில் எனக்கு வந்து சேர்வது மிக்ஸி விட்டுவைத்த மிச்சம்.

பதில் சாருக்கு மட்டும்

வேலூரில் பெரிய கடை. இவர் ஒரு ஹெட்போனைத் தடவிக்கொண்டிருக்க, நான்தான் கடைக்காரரிடம் கேட்டேன்: "ஹாலுக்கு ஒண்ணு, கிச்சனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பெட்டி வெச்சா, ரெண்டிலயும் வேற வேற பாட்டு போடலாமா?"

மனிதர் இவர் பக்கம் திரும்பி, "அருமையா போடலாம் சார்" என்றார். சரி, தமிழ் புரியவில்லை போலிருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டேன், எத்தனை அறை தாண்டும் என்று. கொஞ்சம் யோசித்தார். மறுபடியும் இவரைப் பார்த்தே சொன்னார்:

"சார், மேடத்துக்குப் புடிச்ச மாதிரி வெள்ளைக் கலர்லயும் இருக்கு சார்."

நிபுணர் வந்தார்

இவருடைய கம்பெனியில் ரமேஷ் என்று ஒருவர். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் சொன்னால் வீட்டுக்காரருக்கு அப்பீல் கிடையாது. வீட்டுக்குள் வைஃபை எதுவரை எட்டுகிறது என்று பார்க்க லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். ஹால், பெட்ரூம், வராண்டா, துணி காயப்போடும் இடம்கூடப் பார்த்தாயிற்று. அடுப்படி வாசலில் மட்டும் பிரேக் போட்டு நின்றுவிட்டார்.

"உள்ளயும் வந்து பாருங்க ரமேஷ், அங்கதான் எனக்கு வேணும்" என்றேன். சிரித்தார்.

"அங்க இன்னாத்துக்குக்கா பாட்டு? குக்கர் விசிலே போதாதா?"

எக்ஸ்போர்ட் குவாலிட்டி

பெட்டி வந்தது. ஹாலுக்கு மட்டும். "மொதல்ல இது செட் ஆவட்டும் மெர்சி, அப்புறம் கிச்சனுக்குப் பாக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். அந்த 'அப்புறம்' எவ்வளவு நீளம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தால் லெதரில் ஒரு கவர் தைத்துவிடுவார்கள். ரிமோட்டுக்கு, செல்போனுக்கு, பைபிளுக்கு. எங்கள் வீட்டில் கவர் இல்லாமல் இருப்பது கேஸ் சிலிண்டரும் நானும்தான். புதுப் பெட்டிக்கு அளவெடுத்த கையோடு ஆம்ப்ளிஃபயருக்கும் ஒன்று தைத்து வந்து மாட்டினார். அன்றிலிருந்து நாலு பாட்டு ஓடும், செட் அடங்கிவிடும். வைஃபை மோடத்தைத் திட்டினார், கரண்ட் ஆபீஸைத் திட்டினார். நான் போய் ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்தேன். தோசைக்கல். கவரை உருவிப் போட்டேன். சூடு ஆறியதும் பாடியது. அவரோ கவரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு தையல் விலகல பாரு மெர்சி, எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

என் முகத்தைப் பாருங்கள்

காத்திருந்தது போதும் என்று தனியாக வேலூருக்கு பஸ் ஏறினேன். "சார் வரலீங்களா?" என்றார் அதே கடைக்காரர். "சார் வாங்கினது ஹாலுக்கு. இது எனக்கு. என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க" என்றேன். பேசினார். ஸ்பீக்கரும் சேர்ந்தே இருக்கும் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். வெள்ளைக் கலர் வேண்டாம் என்றும் சொன்னேன்.

அடுப்படியில் வைத்தால் மூச்சே இல்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நானே அறை அறையாக நடந்தேன். பெட்ரூமில் பாடியது, ஹாலைத் தாண்டினால் திக்கியது. மோடத்தைத் தேடினேன். திருடன் கண்ணில் படாமல் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார் என் வீட்டுக்காரர்! அதை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தேன். அடுப்படியில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வெங்காயம் வதங்க வதங்க, என் பாட்டு கேட்டது, முழுசாக, முதல் வரியிலிருந்து.

ரெண்டாவது பாட்டுக்குள் ஹாலிலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம். பேப்பரோடு வந்து பிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையை ஆட்டினார். பெட்டியை நோக்கிக் கை நீண்டது.

"ஹாலை விட இங்க சவுண்டு நல்லா இருக்கே மெர்சி, என் பாட்டு ஒண்ணு போடட்டா?"

சமையலுக்கு உதவி என்று கூப்பிட்டு இத்தனை வருஷம் வராத மனுஷனை அடுப்படிக்கு வரவழைக்க ஒரு பெட்டி போதுமாயிருந்தது. அவரைத் திரும்ப ஹாலுக்கு அனுப்பும் பெட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்த சகோதரிகள் சொல்லுங்கள்.