தொகுஜி தங்க ஓர் அறை

கவாமோரி தொகுஜி ஜனவரிக் கடைசியில், ஒசாகா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், டாக்டர்கள் மதிய உணவு முடித்து வந்த பிறகு, ஒருவருக்கும் தொந்தரவு தராமல் இறந்துபோனார். அவர் செய்த ஒரே தவறு, மாதம் பார்க்காமல் செத்தது. குளிர்காலத்தில் அந்த ஊரில் வயதானவர்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். எரியூட்டும் கூடத்தில் அடுத்த வாரம்தான் இடம் என்று ஈமச்சடங்குக் கம்பெனிக்காரர் இடுப்பு வரை குனிந்து தெரிவித்தார். கூட்டத்துக்குத் தானே காரணம் என்பதுபோல் நிமிர்ந்து, மறுபடியும் குனிந்தார்.

"அதுவரைக்கும் இவரை எங்கே வெச்சுக்கிறது?" என்றாள் தொகுஜியின் மனைவி சுமியே.

"வீட்டுக்குக் கொண்டுபோகலாம்மா. ஆனா உங்களுக்கு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு திரும்புற இடத்துல இவரைக் கொஞ்சம் நிமிர்த்தி நிக்க வெச்சுத்தான்..."

"நிக்க வெக்கவெல்லாம் வேண்டாம். ஆயுசு பூரா கடைகடையா நின்னுதான் வித்தார்."

"துறைமுகத்துப் பக்கம் குளிர்க்கிடங்கு இருக்கும்மா. முன்னாடியே சொல்லிட்டுப் போனா, அரை மணி நேரம் பார்க்கலாம்."

"அரை மணியா? எனக்கு இவர்கிட்ட நிறையப் பேச வேண்டியிருக்கு. பக்கத்திலேயே இருக்கணும். யாரும் வந்து நேரமாச்சுன்னு சொல்லக் கூடாது."

கம்பெனிக்காரர் இதைவிடக் கஷ்டமான கோரிக்கைகளையெல்லாம் கேட்டுப் பழகியவர். "அப்படின்னா ஹோட்டல்தான்மா" என்றார்.

இறந்தவர்கள் தங்குவதற்கென்றே அந்த ஊரில் ஹோட்டல்கள் உண்டு. உயிரோடிருக்கும் சொந்தக்காரர்களும் கூடத் தங்கலாம்.

ஹோட்டல் என்ற சொல் சுமியேவுக்குப் புதிதல்ல. அவளுடைய கல்யாண வாழ்க்கையே அந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடந்தது. தொகுஜி குளியலறைக் குழாய் விற்கும் கம்பெனியில் ஊர்சுற்றும் விற்பனையாளர். திங்கட்கிழமை விடியற்காலையில் பெட்டியோடு போவார், வெள்ளிக்கிழமை அழுக்குச் சட்டைகளோடு வருவார். சனிக்கிழமை தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை அவள் சட்டைகளுக்கு இஸ்திரி போட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாரத்து ஹோட்டல்களைப் பற்றிப் பேசுவார். மத்சுயாமாவில் தலையணை தேவலாம். ஒகயாமாவில் அறை லிஃப்டுக்குப் பக்கம், விடிய விடிய மணியடித்தது. தொயாமாவில் காலைச் சாப்பாட்டு மிசோ சூப் வெறும் வெந்நீர். பேச்சு அவ்வளவுதான். பையனுக்கு அம்மை போட்டதையும், கூரை ஒழுகியதையும், பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்ததையும் சொல்ல வாயெடுப்பதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.

அவள் எந்த ஹோட்டலிலும் தங்கியதில்லை. ஒருமுறை, கனாசாவாவுக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்களேன் என்று கேட்டாள். "காசு குடுத்துப் போய்ப் படுக்கணுமா? வீட்லயே படு" என்றார். ஓய்வுபெற்ற பிறகு கேட்டபோது, "ஹோட்டல் பேரைக் கேட்டாலே குமட்டுது" என்று சொல்லி, தொலைக்காட்சிக்கு முன்னால் ஆசனம் போட்டு உட்கார்ந்தவர் ஆம்புலன்ஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆக, அன்று பிற்பகல், வாழ்க்கையில் முதல்முறையாக சுமியே ஒரு ஹோட்டலைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

தோக்கியோவிலிருந்து மகன் கோஹெய் போனில் பேசினான். "ரெண்டு இடம் இருக்கும்மா. முதல் இடத்துக்கு அஞ்சுக்கு நாலரை நட்சத்திரம் போட்டிருக்காங்க."

"யார் போட்டது?"

"தங்கினவங்கதான்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "கூட வந்தவங்களா இருக்கும்மா."

"நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன்."

அறையை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளரைக் கம்பெனிக்காரர் அதுவரை சந்தித்ததில்லை. என்றாலும் கூட்டிக்கொண்டு போனார். தொகுஜியின் அக்கா கிக்குயோவும் சேர்ந்துகொண்டாள். எண்பதைத் தாண்டிய பெண்மணி. தம்பியின் கல்யாணத்தில் தொடங்கி எதிலும் அவளுக்குத் திருப்தி கிடையாது.

நாலரை நட்சத்திரக்காரர்கள் வாசலிலேயே செயற்கை அருவி வைத்திருந்தார்கள். தரை பளிங்கு. தோத்திரம் மெல்லிய இசையாகக் கசிந்தது. ஆனால் விருந்தினர்கள் இருப்பது நிலத்தடியில். மேலே ஓர் அறையில் அட்டையைத் தேய்த்தால், கார் நிறுத்தும் கோபுரத்தில் வண்டி இறங்கி வருவதுபோல் சவப்பெட்டி மேலேறி வரும். பார்த்து முடித்ததும் தானாகவே கீழே போய்விடும்.

"இவர் மேலேயும் கீழேயும் போய்க்கிட்டே இருப்பாரா?" என்றாள் சுமியே.

"சத்தமே கேட்காதும்மா. ஜெர்மன் மெஷின்."

"அவருக்குக் கேட்கும். லிஃப்ட் சத்தத்துல தூங்க மாட்டார்."

கிக்குயோ கம்பெனிக்காரரைப் பார்த்தாள். கம்பெனிக்காரர் அருவியைப் பார்த்தார்.

இரண்டாவது இடம், உயிருள்ளவர்களுக்கான மலிவு ஹோட்டலாக நடந்து நொடித்துப்போன கட்டடம். கீழே நூடுல்ஸ் கடை. எதிரே முடிதிருத்தகம். அந்த முடிதிருத்தகத்தின் மாடியிலிருந்து பெரிய துணி ஒன்று தொங்கியது. எங்கள் தெருவில் பிண ஹோட்டல் வேண்டாம் என்று அதில் கொட்டை எழுத்து. துணியைக் கட்டியவர் கத்தரிக்கோலும் கையுமாக வாசலில் நின்றார். ஒரு கறுப்பு வண்டி வந்து நின்று பெட்டி இறங்கியதும், கத்தரிக்கோலைப் பையில் போட்டுவிட்டு, பெட்டி உள்ளே போகும்வரை தலைகுனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து, துணி மடங்கியிருந்த மூலையை இழுத்துச் சரிசெய்தார். எதிர்ப்பு வேறு, மரியாதை வேறு.

ஹோட்டல் மேலாளர் ஹமாசாகி அறையைத் திறந்து காட்டினார். சிறிய அறை. ஒரு பக்கம் இறந்தவருக்குக் கட்டில், மறுபக்கம் கூட இருப்பவர்களுக்குப் பாய். நெருப்பு எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்பதால் ஊதுபத்திகூட பேட்டரியில்தான் எரிந்தது. நுனியில் சிவப்பாக ஒரு விளக்கு.

"நான் எப்ப வேணும்னாலும் இங்கே இருக்கலாமா?"

"உங்க அறைம்மா. காலைச் சாப்பாடும் உண்டு. உங்களுக்கு" என்று கடைசி வார்த்தையை ஹமாசாகி அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

"இதுவே போதும்" என்றாள் சுமியே. கிக்குயோ முணுமுணுத்தாள்: "பொழுதுக்கும் ஹோட்டல்ல கிடந்தான். செத்தும் ஹோட்டலா?"

சாயங்காலம் தொகுஜி வந்து சேர்ந்தார். குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, டிரை ஐஸ் வைத்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு கிண்ணம் சோறு, அதில் சாப்பிடும் குச்சிகள் செங்குத்தாகக் குத்தியிருந்தன. சுமியே ஜன்னலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"தலை எந்தத் திசைல இருக்கு?"

"வடக்கேம்மா. முறைப்படி" என்றார் ஹமாசாகி பெருமையாக.

"திருப்பிப் போடுங்க. இவர் வடக்கே தலை வெச்சுப் படுக்க மாட்டார். எந்த ஊர் ஹோட்டலுக்குப் போனாலும் பெட்டியை வெக்கிறதுக்கு முன்னாடி திசை பார்த்துத் தலையணையை மாத்திடுவார்."

"பைத்தியமாடி உனக்கு?" என்று கிக்குயோ பாய்ந்தாள். "உயிரோட இருக்கிறவன்தான் வடக்கே படுக்கக் கூடாது. செத்தவனை வடக்கேதான் கிடத்தணும்."

"அவருக்குப் பிடிக்காது அக்கா."

"பிடிக்கலைன்னு எழுந்து சொல்லட்டும். சொல்றானா பாரு."

ஹமாசாகி தொழில் தெரிந்தவர். "விருந்தினர் விருப்பம்தான் முக்கியம். ரெண்டு ஆளைக் கூப்பிட்டா ஒரு நிமிஷத்துல..." என்றார்.

"சும்மா இருங்க நீங்க" என்றாள் கிக்குயோ. பிறகு, அவளிடம் யாருமே கேட்டிராத தணிந்த குரலில், "சுமியே, அவன் டூர் போகலை. வெள்ளிக்கிழமை வர மாட்டான்" என்றாள்.

சுமியே ஆஸ்பத்திரியில் அழவில்லை. வண்டியில் அழவில்லை. இப்போது பாயில் உட்கார்ந்தாள். கைக்குட்டையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. ஹமாசாகி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முகத்தைக் கையாலேயே துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "வடக்கேயே இருக்கட்டும்."

மறுநாள் காலை கிக்குயோ வந்தபோது சுமியே கோட்டு மாட்டிக்கொண்டு, கால்மேல் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, கட்டிலைப் பார்த்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அறை அவ்வளவு குளிர். முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

"யார்கிட்ட பேசுற?"

"இவர்கிட்டத்தான். நல்லா இருக்கு அக்கா இந்த ஹோட்டல். துண்டை அவங்களே மடிச்சு வெக்கிறாங்க. யாரும் கதவைத் தட்டுறதில்லை. ஒரு வேலை கிடையாது." கணவரின் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷமா இந்தச் சுகத்தைத் தனியாத்தானே அனுபவிச்சீங்க? காசு குடுத்துப் போய்ப் படுக்கணுமான்னு கேட்டீங்களே, சரியான ஆளுங்க நீங்க."

பேச்சுக்கு அவள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான வருடத்திலிருந்து ஆரம்பித்து, அவர் இல்லாத வாரங்களில் வீட்டில் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்வது. விட்டுப்போனது நினைவுக்கு வந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் போய் எடுத்துவருவாள். வைய வேண்டிய இடங்களில் வைதாள். கோஹெய் மூச்சுத்திணறிய மழைநாளைச் சொன்னபோது, "ஒகயாமா ஹோட்டல்ல வெந்நீர் வரலைன்னு அந்த வாரம் பூரா புலம்பினீங்க" என்று சேர்த்துக்கொண்டாள். தொகுஜி குறுக்கே பேசவில்லை. அந்த விஷயத்தில் உயிரோடிருந்ததற்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசமில்லை, கொட்டாவி மட்டும் விடவில்லை.

இரண்டு நாள் இப்படிப் போனது. கோஹெய் கறுப்பு உடையில் வந்து சேர்ந்து, தோக்கியோ அலுவலகத்திலிருந்து வரும் அழைப்புகளுக்கு நடைக்கூடத்தில் நின்று தலைகுனிந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் முற்பகலில் ஹமாசாகி முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார்.

"நல்ல செய்தி! எரியூட்டும் கூடத்துல நாளைக்குக் காலைல ஒரு இடம் காலியாயிருக்கு. வேற ஒரு குடும்பம் தேதியை மாத்திக்கிட்டாங்க. உங்களுக்குக் குடுக்கச் சொல்லி நான்தான் முதல்ல பேசினேன்."

கோஹெய் ஆழமாக வணங்கினான். "ரொம்ப நன்றிங்க. அம்மா, திங்கட்கிழமை நான் ஆபீஸ் போயிடலாம்."

சுமியேவும் பழக்கத்தில் வணங்கிவிட்டாள். குனிந்த தலை நிமிர நேரமானது. இன்னொருவர் தனக்காகச் சிரமப்பட்டு வாங்கிவந்த ஒன்றை அவள் இதுவரை வேண்டாமென்று சொன்னதில்லை. தையல் சரியில்லாத சட்டையையும், ஆறிப்போன தேநீரையும், இந்தக் கல்யாணத்தையும் நன்றி சொல்லியே வாங்கிக்கொண்டவள்.

"உங்களுக்குச் சங்கடம்தான்" என்றாள் நிமிர்ந்து. "ஆனா வேண்டாம். அதைக் காத்திருக்கிற வேற யாருக்காவது குடுத்துடுங்க. எங்களுக்குச் சொன்ன நாள் வரைக்கும் நாங்க இங்கேயே இருக்கோம்."

"அம்மா!" என்றான் கோஹெய். "அவர் எவ்வளவு சிரமப்பட்டு..."

"தெரியும்டா. இப்பத்தான் நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்துக்கு வந்திருக்கேன். நாளைக்கு எரிச்சிட்டா மீதியை யார்கிட்ட சொல்றது? உன்கிட்டயா? உனக்குத்தான் போன் வந்துக்கிட்டே இருக்கே."

கோஹெய்யின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. ஹமாசாகி மலர்ச்சியை மடித்து வைத்துக்கொண்டு, "புரியுதும்மா. நான் சொல்லிடுறேன்" என்று வெளியேறினார்.

கிக்குயோவும் அங்கேதான் இருந்தாள். கதவோரம் கைப்பையோடு நின்றுகொண்டே கேட்டாள்: "அடுத்து எந்த வருஷம்?"

"உங்க அம்மா பக்கவாதத்துல விழுந்த வருஷம். நான் ஒருத்தியா அவங்களைத் தூக்கிக் குளிப்பாட்டின வருஷம்." சுமியே நிறுத்தினாள். "நீங்க ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கலை அக்கா. அதையும் சொல்லத்தான் போறேன்."

"சொல்லு" என்றாள் கிக்குயோ. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாயில் உட்கார்ந்தாள். "நான் இருக்கும்போதே சொல்லு."